சரிவு வைக்கும் கை

சிட்டவுட் என்று நாங்கள் சொல்லும் முன்திண்ணையின் உள்சுவரோரம் குந்தி உட்கார்ந்து, குவளைத் தண்ணீரைத் தரையில் ஊற்றிவிட்டு, அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார் தேவகுமார். குடிப்பதற்கென்று நான் கொண்டுவந்து கொடுத்த தண்ணீர் அது. அது ஒரு கணம் தயங்கி நின்று, பிறகு வாசற்படியை நோக்கி இரண்டாகவும் மூன்றாகவும் பிரிந்து ஓடி, படி விளிம்பிலிருந்து முற்றத்தில் சொட்டியது. கடைசிச் சொட்டு விழும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.

"செரி சாறே. இங்க குழப்பமில்ல. வாறேன்."

அவ்வளவுதான். பைக்கில் ஏறிப் போய்விட்டார். அந்தத் தரையை அவர் போட்டுப் பதினொரு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு என் வீட்டு வாசலை அவர் மிதித்தது அன்றைக்குத்தான்.

எங்கள் பக்கம் தண்ணீருக்கு வெள்ளம் என்று பேர். 'ஒரு கப்பு வெள்ளம் தருவியளா?' என்று வாசலில் நின்று கேட்பவருக்கு யாரும் இல்லை என்று சொல்வதில்லை. வாங்கியதைக் குடிக்காமல் தரையில் கொட்டிவிட்டுப் போகிற மனிதரைப் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் போன மழைக்காலத்தில்தான் பார்த்தார்கள். அறுபது வீடுகளுக்கு மேல் இருக்கும். எல்லாம் அவர் டைல்ஸ் போட்ட வீடுகள். மேஸ்திரிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று சிலர் என்னிடமே சொன்னார்கள். நான் பாறசாலையில் தமிழ் வாத்தியார். ஊரில் எவருக்குக் கிறுக்குப் பிடித்தாலும் சேதி முதலில் எனக்கு வந்துவிடும்.

தேவகுமாருக்கு நாற்பத்துமூன்று வயது. உதியன்குளங்கரைக்குக் கிழக்கே, ரப்பர் மரங்களுக்கு நடுவில் வீடு. இருபத்திரண்டு வருஷமாக டைல்ஸ் பணி. முழங்கால் இரண்டிலும் தோல் கறுத்துச் செருப்பின் அடி போலத் தடித்திருக்கும். நடக்கும்போது தலை குனிந்தே இருக்கும். எதிரே வருகிறவர்களைக் காலைப் பார்த்துத்தான் அடையாளம் கண்டுபிடிக்கிறார் என்று, கூட்டாக வேலை செய்யும் மோகனன் கேலி பேசுவான். கல்யாணத்துக்குப் போனால் மணப்பெண்ணுக்கு முன்னால் மண்டபத்துத் தரையைப் பார்த்துவிடுவார். விரலை மடக்கித் தட்டிப் பார்த்து, அடியில் சாந்து பிடிக்காத டைல்ஸ் எது என்று தெரிந்துகொண்டு, யாரிடமும் சொல்லாமல் நகர்ந்துவிடுவார். சபையில் முழங்காலிட்டு ஜெபிக்கும்போதுகூட அவர் கண்ணை மூடுவதில்லை என்பது அவர் மனைவி பிரேமகுமாரியின் புகார். "ஆண்டவரைப் பாக்கச் சொன்னா டைல்ஸுக்க ஜாயிண்டைப் பாத்தோண்டு இருப்பாரு."

எங்கள் ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. வீடு பால்காய்ச்சும் நாளில் கொத்தனார், ஆசாரி, டைல்ஸ்காரர் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி வீட்டுக்காரர் புதுத்துணி கொடுப்பார். நாலு பேர் பார்க்க வாங்கிக்கொள்வது பெருமை. அந்த வரிசையில் தேவகுமாரை ஒருவரும் பார்த்ததில்லை. மோகனனை அனுப்பிவிடுவார். வேலை முடிந்த வீட்டுப் பக்கமே பிறகு அவர் திரும்புவதில்லை. நாங்கள் அதை அடக்கம் என்று நினைத்தோம். வகுப்பில் பிள்ளைகளுக்கு உதாரணமாகச் சொல்லியும் இருக்கிறேன்.

வெளிநாடு போகும் யோசனை பிரேமகுமாரியுடையது. பாறசாலை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் தையல்கடை வைத்திருக்கிறார். ரவிக்கை தைக்க வந்த ஒரு பெண்ணின் அண்ணன் குரோஷியாவில் இருக்கிறான். அங்கே ஒரு கம்பெனிக்குத் தரை போடுகிறவர்கள் வேண்டும், மூன்று வருஷ ஒப்பந்தம் என்று சேதி வந்தது. இப்போது இங்கே பெரிய பணிகளையெல்லாம் ஒப்பந்தக்காரர்கள் மொத்தமாக எடுத்துத் தூரத்து ஆட்களை வைத்து முடித்துவிடுகிறார்கள். தேவகுமாருக்கு மிஞ்சுவது குளியலறைத் தரையும் அடுக்களைச் சுவரும்தான். மகள் ஜிஷா பிளஸ் டூ படிக்கிறாள். "முட்டு நல்லாட்டு இருக்கும்போதே ஒருக்கப் போய்ட்டு வரணும்" என்று சொல்லி, விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்ததும் பிரேமகுமாரிதான். கையெழுத்துப் போட்ட பிறகு இவர் பேனாவை மூடாமல் வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தாராம்.

ஜூன் மாதம் கொச்சியில் செய்முறைத் தேர்வு. பெரிய தகர ஷெட். ஆளுக்கு இரண்டு மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலத்தில் தரை. நாலு மணி நேரம். தேவகுமார் மூன்று மணி நேரத்திலேயே முடித்துவிட்டு எழுந்து நின்றார். இடைவெளிகள் எல்லாம் நூல் பிடித்தது போல நேராக இருந்தன. சோதிக்க வந்த வெள்ளைக்காரர் ரசமட்டத்தைத் தரையில் வைத்தார். உள்ளே இருக்கும் குமிழ் நடுவில் நிற்க வேண்டும். அது ஒரு பக்கமாகப் போய் ஒதுங்கிக்கொண்டது. இடம் மாற்றி வைத்தார். அங்கேயும் அதே பக்கம். முழுத் தரையும் ஒரே சீராக ஒரு பக்கம் சரிந்திருந்தது.

நாங்கள் மழைக்காரர்கள். இடவப்பாதியும் துலாமழையும் சாய்த்து அடிக்கிற நாட்டில், வெளித்தரை என்றால் தண்ணீர் முற்றத்துக்கு ஓடும்படி சரிவு வைத்துத்தான் போடவேண்டும். இருபத்திரண்டு வருஷம் அப்படிப் போட்ட கை. தேர்வுத்தாளில் மட்டம் என்று எழுதியிருந்ததை அவரும் வாசித்திருந்தார். எதற்காகச் சரிவு வைத்தீர்கள் என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார். தேவகுமாருக்கு வாயில் வந்தது ஒரே ஒரு வார்த்தை: "ரெயின்." வெள்ளைக்காரர் அண்ணாந்து தகரக் கூரையைப் பார்த்தார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். தேறவில்லை, நாலு மாதம் கழித்து மறுபடி வரலாம் என்று தாளில் எழுதிக் கொடுத்தார்கள்.

"நல்ல பணிக்காரன் ஆனதுகொண்டாக்கும் தோத்தது" என்று மோகனன் தேற்றினான். நானும் என் பங்குக்கு வாத்தியார்கள் கைவசம் வைத்திருக்கும் ஆறுதலை எடுத்துவிட்டேன். தேவகுமார் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: "அதில்ல சாறே. சரிவு வைக்கணும்ணு நான் நெனைக்கவே இல்ல. கை தானாட்டு வச்சுது. நான் அறியாம எனக்க கை ஒரு காரியம் செய்யுமானா, வேற எங்கெல்லாம் என்னவெல்லாம் செய்து வச்சிருக்கோ?"

மறுநாள் காலையிலிருந்துதான் அவர் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் கேட்க ஆரம்பித்தார். போட்ட தரைகளில் குறை இல்லையென்றால் குரோஷியா. இருக்குமென்றால் இங்கேயே கிடக்கலாம் என்று தனக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தார். அதை என்னிடம் மட்டும்தான் சொன்னார்; பிரேமகுமாரியிடம்கூடச் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை அவருடைய பைக் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. என் ஸ்கூட்டரில் அழைத்துப் போனேன். உபகாரம் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் வேடிக்கை பார்க்கும் ஆசைதான். வீட்டுக்காரர்களின் பெயர் அவருக்கு நினைவில்லை. 'பச்சைக் கரை வச்ச வீடு', 'மரக்கலர் வீடு' என்றுதான் வழி சொன்னார். ஒவ்வொரு கேட்டுக்கு முன்னாலும் இறங்கி, சட்டைப் பொத்தானைச் சரி பார்த்துக்கொண்டு, பரீட்சை முடிவு பார்க்கப் போகும் பிள்ளையைப் போல நின்றார். மத்தியானத்துக்குள் ஏழு வீடுகள் ஆயின. ஏழிலும் தண்ணீர் போகவேண்டிய பக்கமே போயிற்று. அவர் முகத்தில் நிம்மதி வரவில்லை.

சாயாக்கடையில் உட்கார்ந்திருந்தபோது தானாகவே பேசினார். "எனக்கு இருவத்தாறு வயசில கல்ப் விசா வந்தது சாறே. அம்மைக்கு சுகமில்லண்ணு சொல்லி நான் போவேல்ல. நான் அப்படிச் சொல்லிய நேரம் அம்மை முற்றத்தில கோழிக்குத் தீவனம் போட்டோண்டு நிக்கிது." சாயாவை ஆற்றினார். "அம்மை ஒண்ணும் சொல்லேல்ல. உள்ள போயி பாயை விரிச்சு, பத்து நாள் சுகமில்லாத்தவ மாதிரிப் படுத்துக் கெடந்தா. நாலு பேரு பாக்க வந்தாவ."

அந்த அம்மாள் காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. நான் சாயாவுக்குக் காசு கொடுத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

எட்டாவது வீடு அமரவிளையில், பழைய செக்போஸ்ட்டுக்குப் பின்புறம். பஸ் டிரைவர் சோமனின் வீடு. சோமன் டியூட்டிக்குப் போயிருந்தார். அவர் மனைவி விலாசினி எவர்சில்வர் தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். தேவகுமார் ஊற்றினார். தண்ணீர் படிப்பக்கமாகத்தான் ஓடியது. ஆனால் வலதுபுறத் தூணுக்கு அருகில் போனதும் அதில் கொஞ்சம் வழிமாறி, தூணின் அடியில் உள்ளங்கை அகலத்துக்குத் தேங்கி நின்றது. அவர் அதைக் குனிந்து பார்ப்பதற்குள், விலாசினி ஜன்னல் கம்பியில் கிடந்த துணியை உருவி, நடந்துகொண்டே குனிந்து ஒற்ற ஆரம்பித்துவிட்டார். யோசித்துச் செய்தது போலவே தெரியவில்லை.

"அக்கா, அதத் தொடைக்காதீங்க" என்றார் தேவகுமார். "எத்தன நாளாட்டு இங்க வெள்ளம் நிக்கிது?"

"இந்த வீட்டுல கேறித் தாமசிச்ச நாள் முதலே உண்டு. சாரல் அடிச்சா கொஞ்சம் கெட்டி நிக்கும். துணியை வச்சு ஒப்பி எடுத்திருவேன். அதுக்கென்ன இப்பம்?"

"ஒம்பது வருசமாட்டா?"

"ஆமா, ஒம்பது ஆச்சுல்லா."

"எனக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா."

விலாசினி சிரித்தார். குற்றம் சொல்லும் சிரிப்பு இல்லை. "நீ பின்ன இங்கோட்டு வரவே இல்லியே மக்கா."

தேவகுமார் படியில் போய் உட்கார்ந்துவிட்டார். விலாசினி உள்ளே போன பிறகு, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "இந்தத் தூணுகிட்ட கடைசித் துண்டு வச்சது ஒரு அந்தி நேரம். சுத்தியலைத் தட்டுனப்பமே சத்தம் வேற மாதிரி கேட்டுது. எனக்குத் தெரியும் சாறே. மட்டம் வச்சுப் பாத்தா பொளிச்சு எடுத்து மறுபடி வைக்கணும். பாக்காம பையை எடுத்துட்டுப் போயிட்டேன்."

கை அறியாமல் செய்ததைத் தேடிப் புறப்பட்ட மனிதருக்கு, தான் அறிந்தே செய்தது கிடைத்துவிட்டது. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இனி குரோஷியா இல்லை என்றுதான் நினைத்தேன். "போகலாமா?" என்றேன். அவர் எழுந்து, சோமன் எத்தனை மணிக்கு வருவார் என்று உள்ளே குரல் கொடுத்துக் கேட்டார். வரும்வரை அந்தப் படியிலேயே காத்திருந்து, சோமனிடம் தானே விஷயத்தைச் சொன்னார். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு வீட்டுக்காரரிடம் அவர் தன் பிழையைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அடுத்த வாரத்து ஞாயிறு. சபை முடிந்ததும் கரண்டியும் உளியுமாக வந்துவிட்டார். அந்த மாதிரி டைல்ஸ் இப்போது வருவதில்லை. அமரவிளையிலிருந்து பாலராமபுரம் வரைக்கும் கடை கடையாக ஏறி இறங்கிப் பார்த்துவிட்டார். அதனால் பழையதை உடைக்காமல் எடுக்கவேண்டும். பன்னிரண்டு டைல்ஸை ஒவ்வொன்றாகப் பெயர்த்தார். பெரியவை எல்லாம் முழுசாக வந்துவிட்டன. தூணை ஒட்டி வெட்டி வைத்திருந்த, இரு விரல் அகலமே உள்ள இரண்டு சின்னத் துண்டுகள் மட்டும் உடைந்துபோயின. அந்த இடத்துக்குக் கிட்டத்தட்ட அதே நிறத்தில் வேறு துண்டு வெட்டி வைத்தார். கொஞ்சம் கறுப்பு கூடுதல். பார்த்தால் தெரியும்.

"அங்க ஒரு பூச்சட்டி வச்சா ஒருத்தனும் பாக்க மாட்டான்" என்றார் சோமன்.

"வேண்டாம் அண்ணா" என்றார் தேவகுமார். "வெள்ளம் நிக்காது. நெறம் அப்படியே கெடக்கட்டு."

அக்டோபரில் மறுபடி கொச்சிக்குப் போனார். போவதற்கு முந்தின நாள் என்னிடம், "நான் போனா பற்றுமா, செரியா வருமா சாறே?" என்று கேட்டார். அதே கேள்வியைப் பிரேமகுமாரியிடமும் கேட்டிருக்கிறார். நான் நீளமாக ஏதோ சொன்னேன். பிரேமகுமாரி, "போவாம இங்க இருந்தா மட்டும் பற்றுமா?" என்று கேட்டுவிட்டு மிஷினை மிதித்தாராம். யார் பதில் உபயோகப்பட்டது என்று நான் விசாரிக்கவில்லை.

தேறிவிட்டார். "கையோட சண்டை போட்டேன் சாறே. அது சரிவு வைக்கத்தான் போவுது. 'மழை இல்ல, மழை இல்ல'ண்ணு சொல்லிச் சொல்லியாக்கும் பதிச்சது. ஒவ்வொண்ணுக்கும் மட்டம் வச்சுப் பாத்தேன். பாக்கப் பயமாத்தான் இருந்தது. பாத்தேன்." அதே வெள்ளைக்காரர்தானாம். குமிழ் நடுவில் நின்றதும் கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கைகொடுத்திருக்கிறார்.

அதோடு முடியவில்லை. கம்பெனிக்கு அவர் செய்த பணிகளின் ஆறு படங்கள் வேண்டும். ஊரான் செய்த பணியைப் படமெடுத்து அனுப்புகிறவர்கள் இருப்பதால், படத்தில் அவரும் இருக்கவேண்டும். அங்கே இருக்கும் மேலாளர் அதைப் பார்த்துத்தான் கடைசி முடிவு சொல்வாராம். நன்றாகப் பளபளக்கும் பெரிய பணிகளாகப் பார்த்து அனுப்புங்கள், ஒன்று சரியில்லை என்றாலும் கையைக் கழுவிவிடுவார்கள் என்று, ஆள் அனுப்பும் ஏஜென்சியில் சொல்லியிருந்தார்கள். எடுக்கும் பொறுப்பு எனக்கு, ஏனென்றால் கைபேசி என்னுடையது புதுசு. என் வீட்டு சிட்டவுட் நிச்சயம் ஆறில் ஒன்று என்று நம்பி, காலையிலேயே தண்ணீர் விட்டுக் கழுவி வைத்திருந்தேன். அவர் அதை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

பூவாறில் படகுத்துறைக்குப் பக்கத்திலுள்ள ரிசார்ட்டின் முன்கூடம், நெய்யாற்றின்கரையில் ஒரு துணிக்கடை, ஒரு மருத்துவரின் வீடு, ஒரு சபையின் முன்வாசல், ஒரு வங்கி. ஐந்து இடத்திலும் தேவகுமார் படத்தின் ஓரத்தில், யாரோ அழைத்ததற்காக வந்தவர் போல நின்றார். உள்ளே வாங்க, உள்ளே வாங்க என்று எனக்குத் தொண்டை வற்றிவிட்டது. ஆறாவதாக உதியன்குளங்கரையில் ஒரு கல்யாண மண்டபம் என்று முடிவு செய்திருந்தோம். அமரவிளை வந்ததும் அவர் பின்னாலிருந்து என் தோளைத் தொட்டார்.

"சோமண்ணனுக்க வீட்டுக்குத் திருப்புங்க."

"எதுக்கு?"

"ஆறாவது அங்க எடுக்கலாம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஸ்கூட்டரை ஓரத்தில் நிறுத்திவிட்டு, "உமக்குப் புத்தி கெட்டுப் போச்சா?" என்று கேட்டேன். "ரெண்டு நெறம் தெரியும். அவன் அதைப் பாத்துட்டு வேண்டாம்ணு சொன்னா, இந்த ஆறு மாசப் பாடும் வீணாக்கும்."

"தெரியும் சாறே."

"பின்ன?"

"நான் திரும்பிப் போயி மட்டம் பாத்துத் திருத்துன பணி அது ஒண்ணுதான்."

விலாசினி வீட்டில்தான் இருந்தார். காலையில் மழை பெய்திருந்தது, முற்றத்தில் சேறு, சிட்டவுட்டின் தூணடி காய்ந்து கிடந்தது. படமெடுக்கப் போகிறோம் என்று சொன்னதும் அவர் வாசலில் கிடந்த செருப்புகளை ஒதுக்கிவிட்டுக் கதவோரம் தள்ளி நின்றார். தேவகுமார் இந்தத் தடவை ஓரத்துக்குப் போகவில்லை. நேராகத் தூணுக்குப் பக்கத்தில் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்து, வலது கையைத் தரையில் ஊன்றினார். கைபேசியில் பார்த்தேன். படம் நன்றாக வந்திருந்தது. விரிந்த கைக்கு அடியில், அந்த இரண்டு கறுப்புத் துண்டுகளும் அளவெடுத்தது போல மறைந்திருந்தன. எனக்கு அப்பாடா என்று இருந்தது.

"அசையாதீங்க" என்றேன். "கை அப்படியே இருக்கட்டு. ரெண்டும் மறைஞ்சு கெடக்கு. இப்பம் எடுத்தா ஒருத்தனுக்கும் தெரியாது."

தேவகுமார் குனிந்து தன் கையைப் பார்த்தார். பிறகு அதைத் தரையிலிருந்து எடுத்து முழங்காலின் மேல் வைத்துக்கொண்டு, நிமிர்ந்து, கைபேசியை நேராகப் பார்த்தார்.